பத்து நிமிஷம்தான் சார்!

திருச்சியில் இன்னொரு ஆள் என்னிடம் "பத்து நிமிஷம்தான் சார்" என்று சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

2025 ஜூனில் பெரம்பூரை விட்டு உறையூருக்குக் குடிவந்தேன். வேலை மாற்றல். சென்னையில் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் பொறாமைப்பட்டார்கள். "குடுத்து வெச்சவன்டா. டிராபிக் கிடையாது, காவிரித் தண்ணி, வாடகை பாதி!" காவிரித் தண்ணீர் உண்மை. அதில் குறை சொல்ல மாட்டேன். கேன் தூக்கித் தூக்கித் தோள் இறங்கியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். மற்ற இரண்டும் வடிகட்டின பொய்.

வாடகை பாதி என்று சொன்னவர்கள் கடைசியாகத் திருச்சிக்கு எப்போது வந்தார்களோ! தில்லைநகரில் கேட்ட தொகைக்கு நான் பெரம்பூரிலேயே இருந்திருக்கலாம். உறையூரில் 13,000 ரூபாய்க்கு இரண்டு படுக்கையறை. முன்பணம் பத்து மாதம். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்று 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்கிறது. அதை மெதுவாக எடுத்துச் சொன்னேன். "சட்டம் பேசறவங்களுக்கு வீடு குடுக்கறதில்லைங்க" என்று கதவைச் சாத்தினார் ஒருவர்.

இன்னொரு வீட்டில் பேச்சு பணம்வரைக்கும் போகவே இல்லை. "சொந்த ஊர்?" "பெரம்பூர்." "அதில்ல தம்பி, பூர்வீகம்?" சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" எந்தத் தெரு என்றால் என்ன கேள்வி என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சென்னையில் கேட்க மாட்டார்கள் என்று சொல்லவில்லை. அங்கே "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்று கொஞ்சம் சுற்றி வளைப்பார்கள். இங்கே உட்காரவைத்து, மோர் கொடுத்து, நேராகக் கேட்கிறார்கள். மோர் வேறு நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

கடைசியில் அமைந்த வீட்டுக்காரர் எதையும் கேட்கவில்லை. நல்ல மனிதர். ஒன்றே ஒன்று சொன்னார்: "சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு பத்து நிமிஷம்தான் சார். ஜங்ஷனும் அங்கயே. பஸ்ஸு இல்லேன்னா ட்ரெயினு, நடந்தே மாறிக்கலாம்." மாதம் இரண்டு முறையாவது பெரம்பூரில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போக வேண்டியவன் நான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் முன்பணத்தை எண்ணி வைத்தேன்.

அடுத்த மாதமே, ஜூலை 16-ஆம் தேதி, சென்ட்ரலில் நின்ற வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூருக்குப் போய்விட்டன. மே மாதமே அங்கே புதிய பேருந்து நிலையத்துக்குத் திறப்பு விழா நடந்திருந்தது. பேப்பரில் படம்கூடப் பார்த்தேன், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். என் தலையெழுத்தைப் பாருங்கள். சென்னையில் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்து, கோயம்பேட்டில் ஏறிக்கொண்டிருந்த என்னை வண்டலூர் தாண்டித் துரத்தினார்கள். அங்கே பட்டது போதாது என்று இங்கே வந்தால் பஞ்சப்பூர்! இரண்டு முனையிலும் பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே தள்ளிய பெருமை என் ஒருவன் பயணத்துக்குத்தான் வாய்த்திருக்கிறது.

அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பெரம்பூரில் மின்சார ரயில் பிடித்து, சென்னை சென்ட்ரலில் இறங்கி, சுரங்கப்பாதையில் பையைத் தூக்கிக்கொண்டு பார்க் ஸ்டேஷனுக்கு ஓடி, அங்கிருந்து வண்டலூர், அங்கே இன்னொரு பேருந்து அல்லது ஆட்டோ. இத்தனையும் கிளாம்பாக்கம் போய்ச் சேர மட்டும். பிறகு ஐந்து மணி நேரம் வண்டியில் நிம்மதியாகத் தூங்கலாம். விடிகாலை நாலு மணிக்குப் பஞ்சப்பூர். நகரும் படிக்கட்டெல்லாம் பளபளவென்று இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? டவுன் பஸ்ஸும் இருக்கிறது. நான் இறங்கும் நேரத்தில் அது எப்போதும் "இப்பத்தான் போச்சு". அப்புறம் ஆட்டோ. "உறையூரா? முந்நூறு குடுங்க." சென்னையிலிருந்து வந்த டிக்கெட்டை நினைத்துக்கொண்டு நான் முழித்தால், "ரிட்டர்ன் காலியா வரணும்ல சார்" என்று எனக்கே நியாயம் வேறு சொல்கிறார்.

ரயிலில் போகலாமே என்பீர்கள். 60 நாளுக்கு முன்பு முன்பதிவு திறக்கிறது; வெள்ளி இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் எப்போது பார்த்தாலும் எனக்குக் காத்திருப்போர் பட்டியல்தான். அம்மாவுக்கு எப்போது முட்டி வலிக்கும் என்று அறுபது நாளுக்கு முன்பே எனக்கு எப்படித் தெரியும்?

ஊருக்குள் நெரிசல் குறையத்தானே இதெல்லாம் என்று அலுவலகத்தில் ஒருவர் விளக்கினார். சரி, குறையட்டும். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வண்டி நகராமல் நின்றது எனக்கும் தெரியும். ஆனால் நிலையத்தை மாற்றினவர்கள் அதில் இறங்குகிற ஆளை எப்படி வீட்டுக்கு அனுப்புவது என்றும் யோசிக்க வேண்டாமா? அதே ஆள் அடுத்த மூச்சில், "பஞ்சப்பூர்ல டைடல் பார்க் வருது சார், இப்பவே ஒரு மனை வாங்கிப் போட்ருங்க" என்கிறார். பத்து மாத முன்பணத்தோடு என் வாங்கும் சக்தி முடிந்துவிட்டது என்று அவருக்கு யார் சொல்வது?

வரும் வெள்ளிக்கிழமையும் போக வேண்டும். இரவு பதினோரு மணிக்கு வண்டி. வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். பைபாஸில் போனால், என்று ஆரம்பித்து, விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பாவம், வெகுநேரம் போட்டார்.

"பத்து நிமிஷம்தான் சார்."