கோளாறு தொண்டையில் இல்லை

குரங்கின் தொண்டை பேச்சுக்குத் தோதில்லை, அதனால்தான் அது பேசுவதில்லை என்று உங்கள் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. இது 1969ல் மொழி ஆய்வாளர் பிலிப் லீபர்மன் சொன்னது. செத்த குரங்கின் வாய்க்குழிக்கு பிளாஸ்டர் அச்சு எடுத்துக் கணக்குப் போட்டார். பாடப்புத்தகங்களும் அதையே பிடித்துக்கொண்டன.

2016ல் டெக்கம்சே ஃபிட்ச், ஆசிஃப் கசன்ஃபர் என்ற ஆய்வாளர்களின் குழு உயிருள்ள குரங்கையே பார்த்தது. எமிலியானோ என்ற மக்காக் குரங்கு தின்னும்போது, கத்தும்போது, உதட்டைச் சப்புக்கொட்டும்போது எக்ஸ்ரே வீடியோ எடுத்தார்கள். அச்சில் தெரியாத அசைவெல்லாம் அதில் தெரிந்தது. ஐந்து உயிரொலிகளைப் பிரித்துக் காட்ட அந்த வாய் போதுமாம். அதே அளவுகளைக் கணினியில் போட்டு, 'என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா' என்று ஆங்கிலத்தில் கேட்கவும் வைத்தார்கள்! (ராத்திரியில் தனியாக இருக்கும்போது அந்த ஒலிப்பதிவைப் போடாதீர்கள்.)

குரங்கின் உயிரொலி வீச்சு மனிதனைவிடக் குறுகியது என்று லீபர்மன் மறுப்பு எழுதினார். அது நியாயம்தான். ஆனாலும் பெரிய தடை மூளையில்தான். நமக்கு மூளைப் புறணியிலிருந்து (மூளையின் வெளி அடுக்கு) குரல்வளைத் தசைகளை இயக்கும் நரம்பணுக்களுக்கு நேரடி இணைப்பு உண்டு. மக்காக் குரங்குக்கு அது கிடையாது.

அந்த ஒரு வரியைத் திருத்திவிடுங்கள் ஐயா. மற்றபடி நல்ல கட்டுரை.