சின்ன ர, பெரிய ற

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் வாசற்படியில் உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். ஆறாம் வகுப்பு. உள்ளேயிருந்து அவன் அம்மா, "ஏன்டா இப்படிக் கத்துற? மனசுக்குள்ள படி" என்றார். பையன் உடனே அடங்கிவிட்டான். இரண்டே நிமிடம், புத்தகம் மடியில் இருக்க அவன் தெரு நாயை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஏனென்றால் என் முதல் சம்பளமே வாய்விட்டுப் படித்ததற்குக் கிடைத்ததுதான்.

1991. மதுரையில் ஒரு சின்ன அச்சகம். இரண்டு டிரெடில் அச்சு மெஷின், எழுத்துக் கோக்கிற கம்போசிட்டர்கள் நாலு பேர், புரூஃப் பார்க்க ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர். நான் அவருக்குக் காப்பி வாசிக்கிற பையன். வேலை இதுதான்: கையெழுத்துப் பிரதியை நான் உரக்க வாசிக்க வேண்டும், ஐயா பென்சிலை வைத்துக்கொண்டு அச்சான புரூஃபில் வரிவரியாக ஒப்பிட்டுக்கொண்டே வருவார். சும்மா வாசித்தால் போதாது. "அவர் கமா நேற்று மாலை கமா ஊருக்குப் போனார் ஃபுல்ஸ்டாப் புது பாரா" என்று நிறுத்தக்குறியெல்லாம் சேர்த்து வாசிக்க வேண்டும். ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ வந்துவிட்டால் எழுத்துக் கூட்ட வேண்டும். சின்ன ரவா பெரிய றவா, மூணு சுழியா ரெண்டு சுழியா, எல்லாம் சொல்லியாக வேண்டும். முதல் வாரம் தொண்டை கட்டி, சாயந்தரமானால் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன்.

கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் இந்தச் சடங்கு கிடையாது. எல்லாம் ஒரே வாசகம்தானே, கண்ணால் பார்த்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். ஒரு முகூர்த்த மாதத்தில் ஐந்நூறு பத்திரிகை அடித்து, மஞ்சள் தடவிக் கட்டுக் கட்டியும் ஆகிவிட்டது. பெண்ணின் தாத்தா வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய ஆட்களின் பழக்கப்படி வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். பாதியில் நின்றார். "குற்றமும் நட்பும் சூழ வந்திருந்து..."

அச்செழுத்துகளைப் போட்டுவைக்கிற கேஸில் 'சு' எடுக்க வேண்டிய கை 'கு' எடுத்திருக்கிறது. கம்போசிட்டர் பார்த்தார், ஐயா பார்த்தார், முதலாளி பார்த்தார், நானும் பார்த்தேன். எட்டுக் கண்ணுக்கும் அது 'சுற்றமும்' என்றே தெரிந்திருக்கிறது. ஐந்நூறும் திரும்ப அடித்தோம், முதலாளி செலவில். அதற்கப்புறம் அந்த அச்சகத்தில் காதுகுத்துப் பத்திரிகையைக்கூட உரக்க வாசிக்காமல் மெஷினில் ஏற்றியதில்லை.

கண் எதிர்பார்ப்பதைத்தான் பார்க்கும். வாய்க்கு அந்த வசதி கிடையாது, முன்னால் இருக்கிற எழுத்தை உச்சரித்தே ஆகவேண்டும். தமிழுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பது என் கட்சி. நம்மிடம் ஒரே 'ப'தான், அதற்கு இரண்டு ஒலி. "அவள் முகத்தில் பாவம் தெரிந்தது" என்று ஒரு வரி வந்தால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். வாய்விட்டுப் படிக்கிறவன் அந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டும்: செய்த பாவமா, நடனத்தில் வருகிற பாவமா? முடிவெடுக்க முன்வரியைத் திரும்பிப் பார்க்க வேண்டும். புரியாமல் உரக்கப் படித்தால் அந்தப் புரியாமை குரலிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ஓலைச்சுவடிக் காலத்தில் இது இன்னும் பெரிய பாடு. புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் எழுத்தில் வித்தியாசம் இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. வாயில் போட்டு, ஓசையைப் பிடித்து, இங்கே சீர் முடிகிறது என்று கண்டுபிடித்தால்தான் பாட்டு பாட்டாகும். உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தாரே, அதற்கு முன்னால் அந்த ஏடுகளோடு எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பார் என்று நினைத்தால் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராண படனம் என்று ஒன்று உண்டு. ஒருவர் பாட்டை வாசிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார், அதாவது பொருளை விளக்குவார். ஊரே உட்கார்ந்து கேட்கும். நம்ம ஊர் டீக்கடையில் ஒருத்தர் தினத்தந்தியை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டதும் அதே வகைதான், பயன் சொல்ல மட்டும் நாலு பேர் போட்டி போடுவார்கள்.

ஆராய்ச்சிக்காரர்களும் இதைத் தொட்டிருக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் காலின் மெக்லியோட் என்பவரும் கூட்டாளிகளும் 2010-இல் இதற்கு 'புரொடக்‌ஷன் எஃபெக்ட்' என்று பெயர் வைத்தார்கள். வாய்விட்டுப் படித்த சொற்கள், மௌனமாகப் படித்த சொற்களைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன. அவரும் நோவா ஃபாரினும் பின்னால் செய்த சோதனை இன்னும் சுவாரசியம்: பிறர் வாசிக்கக் கேட்பதைவிட நம் குரலின் பதிவைக் கேட்பது மேல், அதைவிட அந்தக் கணத்தில் நாமே வாசிப்பது மேல். ஆடியோ புத்தகம் கேட்டுவிட்டு "படிச்சுட்டேன்" என்கிற நண்பர்கள் கவனிக்க. (கேளுங்கள், நல்லதுதான். நானும் பஸ்ஸில் கேட்கிறேன்.)

ஆனால் இதில் ஒரு கொக்கி இருக்கிறது. சிலதை உரக்கவும் சிலதை மௌனமாகவும் கலந்து படிக்கும்போதுதான் இந்தப் பலன் தூக்கலாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் உரக்கப் படித்தால் எதுவும் தனித்து நிற்காது. ஆகவே முழுப் புத்தகத்தையும் கத்த வேண்டாம். பிடிபடாத பத்தி, மனதில் நிற்க வேண்டிய வரி, நாமே எழுதியது, பணம் சம்பந்தப்பட்ட எந்தக் காகிதமானாலும் சரி, இவற்றை மட்டும் வாசித்தால் போதும்.

இன்னொன்று, ஒப்பிப்பதை வாசிப்பது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. வகுப்பில் ஒரு பிள்ளை சொல்ல நாற்பது பிள்ளைகள் ராகம் போட்டுத் திருப்பிச் சொல்கிறார்களே, அதில் பாதிப் பேர் புத்தகத்தைப் பார்ப்பதே இல்லை. தனியாக, தன் வேகத்தில், திக்கித் திக்கி வாசிக்கிற பிள்ளையைச் சிரிக்காமல் கேட்க ஒரு ஆள் வேண்டும். வீட்டில் "போய்க்கிட்டிருக்காங்க" என்று பேசும் நாக்கு, "சென்றுகொண்டிருக்கிறார்கள்" என்பதைச் சொல்லிப் பழக வேறு எங்கே போகும்? மனசுக்குள்ளே படி என்று நாம் அடக்குவது அந்தப் பழக்கத்தைத்தான்.

போன மாதம் தங்கச்சி மகள் கல்யாணப் பத்திரிகையை டிசைன் செய்கிற பையன் வாட்ஸப்பில் அனுப்பினான். மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சரி என்று பெருவிரலைப் போடப் போனேன். பழைய புத்தி விடவில்லை. தங்கச்சிக்குப் போன் போட்டு வாசித்தேன்.

"ஏண்ணே, கமாவெல்லாம் எதுக்குச் சொல்ற?"

"நீ பேசாம கேளு."

தாய்மாமன்கள் என்ற வரிக்கு வந்தேன். தம்பி பெயரை வாசித்தேன். அடுத்து வாசிக்க ஒன்றுமில்லை. மூன்று தடவையும் என் பெயரை அங்கே பார்த்த மாதிரிதான் எனக்கு நினைவு.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தங்கச்சி, "அண்ணே, மொதல்ல இருந்து ஒருக்கா வாசி" என்றாள்.