எது பொய் என்று கேட்டவருக்கு

சென்ற வாரம் நடந்த அமெரிக்கக் குடியேற்றத் தகவல் கூட்டத்தின் காணொலியை இதற்குள் உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை நான் முழுதாக விவரிக்கப் போவதில்லை. பாஸ்போர்ட்டில் ஒரு பிறந்த தேதியும் ஊர்ப் பிறப்புப் பதிவில் வேறொரு தேதியும் இருக்கின்றன, அமெரிக்காவில் நிரந்தரமாக வசிப்பதற்கான கிரீன் கார்டு விண்ணப்பத்தில் எதை எழுதுவது என்று அரங்கத்தில் இருந்த ஓர் அம்மா கேட்டார். "இதில் எது பொய் என்று முதலில் சொல்லுங்கள்" என்றார் மேடையில் இருந்த ஆலோசகர். அரங்கமே சிரித்தது. ஆலோசகரைக்கூட மன்னித்துவிடலாம், அந்தச் சிரிப்பைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இரண்டுமே அவர் சொன்ன பொய் அல்ல, ஐயா. இரண்டில் ஒன்றைக்கூட அவர் எழுதவில்லை.

என் அம்மாவின் கதையும் இதுதான். அவர் பிறந்தபோது கிராம முன்சீப்பின் பதிவேட்டில் தாத்தாவின் பெயரும் தெருவின் பெயரும் எழுதப்பட்டன. குழந்தையின் பெயருக்கான இடத்தில் 'பெண்' என்பதோடு சரி. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் பிறந்தவர் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். விரல் எட்டியது. வயது சரியாக வரட்டும் என்று ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார். அந்த ஜூன் 1 பள்ளிச் சான்றிதழுக்கும், அங்கிருந்து பாஸ்போர்ட்டுக்கும் போனது. இதில் என் அம்மா செய்த மோசடி எது? காதைத் தொட்டதா?

நாங்கள் அமெரிக்காவில் அவருக்காக விண்ணப்பித்தபோது இதே ஆலோசகரைப் போன்ற ஒருவர், ஊரில் ஆளைப் பிடித்து பாஸ்போர்ட் தேதிக்கே ஒரு பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள் என்றார். அதுவரை ஆவணங்கள் ஒத்துப்போகாமல்தான் இருந்தன. அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் அன்றைக்குத்தான் அவை பொய்யாகியிருக்கும். குடியேற்றச் சட்டத்தில் தவறான தகவல் தந்ததாக ஒருவரைத் தகுதியற்றவராக்க வேண்டுமானால், அவர் அதைத் தெரிந்தே செய்திருக்க வேண்டும், அதுவும் முடிவைப் பாதிக்கக்கூடிய விவரமாக இருக்க வேண்டும். தலைமையாசிரியர் எழுதிய தேதியை மறைக்காமல் சொல்வது அதில் வராது. போலிச் சான்றிதழ் கட்டாயம் வரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவமே, இதுவரை பயன்படுத்திய வேறு பெயர்களையும் வேறு பிறந்த தேதிகளையும் கேட்கிறது. அதாவது, இப்படிப்பட்ட மனிதர்கள் வருவார்கள் என்று அமெரிக்க அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. நம் அரங்கத்துக்குத்தான் தெரியவில்லை.

நாங்கள் இரண்டு தேதிகளையும் எழுதினோம். பள்ளிச் சான்றிதழ், ஊர்ப் பதிவின் நகல், பிறந்ததை நேரில் அறிந்த பெரியம்மாவும் ஒரு மூத்த உறவினரும் நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிகள், இத்தனைக்கும் மேல் ஒரு பக்க விளக்கக் கடிதம். அவ்வளவுதான்.

முன்கூட்டியே திருத்தியிருக்கக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள், கேட்கவும் செய்தார்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும் என்று இந்திய அரசே விதி செய்திருக்கிறது. அதற்கு முன் பிறந்தவர்களிடம் பள்ளிச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்துத் தேதி போட்டுக்கொடுத்ததும் அதே அரசுதான். அறுபது வயதில் திடீரென்று அமெரிக்காவில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று ஆறு வயதில் என் அம்மாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? மோசடிக்காரர்களும் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். அது நம் வேலை அல்ல.

சிரித்தவர்களில் எத்தனை பேர் தங்கள் பெயரோடு நிம்மதியாக இருக்கிறார்கள் என்று அறிய ஆசை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பள்ளியில் இனிஷியல், பான் அட்டையில் இனிஷியல் கூடாது என்று விரித்த அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலி. அந்தக் காலி கட்டத்தோடு அமெரிக்க விசாவுக்குப் போனால் நம் முழுப்பெயரும் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு', அதாவது முதல் பெயர் தெரியாது என்று வந்து நிற்கும். என் பழைய ஓட்டுநர் உரிமத்தில் அதுதான் என் பெயர். மருத்துவமனை வரவேற்பறையில் அதை ஒரு பெயராகவே நினைத்து அன்போடு அழைத்த செவிலியரை இன்றும் மறக்கவில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது, நம்மவர்களிடையே எத்தனை புலம்பல்! அப்போது அது அநியாயம். ஒரு கிராமத்து அம்மாவுக்கு நேர்ந்தால் நகைச்சுவை.

நான் உணர்ச்சிவசப்படுவதாகச் சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். கேள்வி கேட்டுவிட்டு ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்த அந்த அம்மாவுக்குக் கடைசிவரை பதில் தரப்படவில்லை என்பதையாவது அவர்கள் கவனித்தார்களா? ஆலோசகர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "தனியாக அலுவலகத்துக்கு வாருங்கள்" என்ற அழைப்பு மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

அந்த அம்மாவையோ அவருடைய மகளையோ அறிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். என் அம்மாவுக்காக எழுதிய விளக்கக் கடிதத்தையும் உறுதிமொழிகளின் மாதிரியையும் பெயர்களை நீக்கிவிட்டு அனுப்பித் தருகிறேன். விண்ணப்பக் கோப்பை அனுப்புவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞர் பார்த்துவிடுவது நல்லது, அதற்கும் உடன் வருகிறேன். எனக்கு ஆலோசனைக் கட்டணம் கிடையாது.