அந்தக் கொக்கியை முதல்ல கழட்டிடுங்க

என் ஃப்ரெண்ட் ஒருத்தி காரைக்குடியில பழம்பொருள் கடையில ஒரு அந்தக் காலத்து அமெரிக்க ஃப்ரிட்ஜ் வாங்கிட்டு வந்திருக்கா. வெள்ளை எனாமல், உருண்ட மூலைங்க, இழுத்தா டக்னு திறக்குற குரோம் கைப்பிடி. ஓடாது, கிச்சன்ல அலமாரியா வெச்சுக்கப் போறாளாம். வீட்ல 4 வயசுல ஒண்ணு, 7 வயசுல ஒண்ணு. கேட்டதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல.

எனக்கும் பழைய ஃப்ரிட்ஜ்னா உயிர்தாங்க. 1927ல ஜெனரல் எலக்ட்ரிக் கொண்டு வந்த மானிட்டர் டாப்ங்கிற ஃப்ரிட்ஜோட ஃபோட்டோவைப் பாருங்க, கம்ப்ரசரைத் தலையில தூக்கி வெச்சுட்டு நிக்கும், அவ்ளோ அழகு. அப்புறம் 1930கள்ல ரேமண்ட் லோவிங்கிற டிசைனர் சியர்ஸ்ங்கிற அமெரிக்கக் கடைக் கம்பெனிக்கு கோல்ட்ஸ்பாட்ங்கிற ஃப்ரிட்ஜை டிசைன் பண்ணாரு, துருப்பிடிக்காத அலுமினியத் தட்டு, துடைக்க வாகா வழவழன்னு உடம்பு. அந்தக் கால ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசருக்கு வெளிய தனிக்கதவு கிடையாது, உள்ள மேல ஒரு சின்னப் பெட்டி, குளிர் உண்டாகுற இடமே அதுதான், அங்கருந்து குளிர்காத்து தானா கீழ இறங்கும், ஃபேனே வேணாம். எங்க வீட்டு 165 லிட்டரும் அதே கணக்குதான், ஐஸ் மலையா கட்டிக்கும், அம்மா ஸ்விட்சை அணைச்சுட்டு துணி விரிச்சு வெச்சு உருகுற வரைக்கும் காத்திருப்பாங்க, கத்தி வெச்சு குத்த விடவே மாட்டாங்க, ஓட்டை விழுந்தா கேஸ் போயிடும்ல.

ஆனா அந்தக் கைப்பிடி வேற விஷயம். அப்போ கதவு ஓரத்துல இருந்தது வெறும் ரப்பர், நல்லா அமுக்கிப் பிடிச்சாதான் குளிர் வெளிய போகாது, அதுக்குத்தான் கைப்பிடியோட சேர்ந்த கொக்கி. மாட்டிக்கிச்சுன்னா உள்ள இருந்து எவ்ளோ தள்ளினாலும் திறக்காது. காத்தும் வராது, சுவர் தடிமன்ல குழந்தை கத்துனா சத்தமும் வெளிய கேக்காது. தூக்கிப் போட்ட ஃப்ரிட்ஜுக்குள்ள ஒளிஞ்சு விளையாடப் போய் அமெரிக்காவுல எத்தனையோ பிள்ளைங்க செத்துப் போச்சு. அதுக்கப்புறம்தான் 1956ல உள்ள இருந்தும் திறக்கணும்னு சட்டமே போட்டாங்க, 1958 கடைசில இருந்து செஞ்சதுக்கெல்லாம் அது கட்டாயம். இப்போ நம்ம ஃப்ரிட்ஜ் கதவுல இருக்குற காந்தப் பட்டை அப்படி வந்து நிலைச்சதுதான். என்னைக் கேட்டா ஃப்ரிட்ஜ் டிசைன்லயே பெரிய வேலை அதுதான், ஆனா அதைப் பத்தி யாரும் பேசுறதில்ல, எல்லாரும் வளைவையும் கலரையும்தான் பேசுறாங்க.

ரெட்ரோ லுக் வேணும்னா 1997ல ஸ்மெக்ங்கிற இத்தாலி கம்பெனி கொண்டு வந்த மாதிரி புதுசே கிடைக்குது, வெளிய பழசு, உள்ள எல்லாம் இந்தக் காலத்துது. இல்ல, ஒரிஜினல்தான் வேணும்னா தாராளமா வைங்க, ஆனா உடம்புப் பக்கம் கொக்கி மாட்டுற இரும்புத் துண்டை எடுத்துடுங்க. கைப்பிடி அப்படியே இருக்கும், அழகு ஒண்ணும் குறையாது, கதவு மட்டும் பூட்டிக்காது. மாடியில, கொல்லையில சும்மா கிடக்குற பழசுக்கு கதவையே கழட்டிடுங்க.

நேத்து ராத்திரி அவளுக்கு போன் பண்ணி இதெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. கதவைத் திறக்க முடியாதபடி சுவரைப் பாத்து திருப்பி வெச்சிருக்காளாம், ஞாயித்துக்கிழமை ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு நான் போறேன்.