டோக்கெலாவ் விடுதலை பெற்றதா?

டோக்கெலாவ் பசிபிக் பெருங்கடலில் நியூசிலாந்துக்குட்பட்ட சிறு தீவுக்கூட்டம். 'பெரும்பான்மை வாக்கால் 2007-இல் டோக்கெலாவ் தனிநாடானது' என்று பரவும் செய்தி தவறு. பெரும்பான்மை கிடைத்தது மெய்தான். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. 2006-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஆதரவு சுமார் 60%. 2007-இல் மீண்டும் நடந்தபோது 692 வாக்குகளில் ஆதரவு 446; வேண்டியவை 462. வெறும் 16 வாக்குகள் குறைந்தன!

வென்றிருந்தாலும் முழு விடுதலை இல்லை. நியூசிலாந்துடன் தன்விருப்ப இணைப்பில் தன்னாட்சி, அதாவது தன்னைத் தானே ஆண்டுகொண்டு விருப்பத்தின் பேரில் அந்நாட்டுடன் இணைந்திருப்பது, என்பதே வாக்கெடுப்பின் கேள்வி.

டோக்கெலாவின் அட்டாஃபு, நுக்குனோனு, ஃபக்காஓஃபோ என்ற மூன்று பவளத்தீவுகளும் 1889-இல் பிரிட்டிஷ் பாதுகாப்பில் வந்தன. 1920-களில் நிர்வாகம் நியூசிலாந்துக்கு மாறியது. 1949 முதல் அந்நாட்டின் பகுதி, இன்றும் அப்படியே.

வரைபடங்களில் டோக்கெலாவுடன் சேர்த்துக் காட்டப்படும் ஸ்வெயின்ஸ் தீவு 1925 முதல் அமெரிக்கச் சமோவாவுடையது.