சிசி ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது

நாற்பதைத் தாண்டி முதல் பைக் வாங்குபவருக்கு, 400 சிசிக்குள் எதை எடுத்தாலும் சாதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அது அப்படி இல்லைங்க. சிசி என்பது இன்ஜினின் கொள்ளளவு மட்டுமே. வண்டி எப்படிப் பாயும் என்பதை அது சொல்லாது.

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 349 சிசி. பவர் சுமார் 20 குதிரைத்திறன். 373 சிசியில் வந்த கேடிஎம் 390 டியூக்குக்குச் சுமார் 43. சிசியில் 24தான் வித்தியாசம், பவரோ இரண்டு மடங்குக்கு மேல்! பழகாத கை ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக முறுக்கிவிட்டால் அப்புறம் தெரியும் சேதி.

நீங்களே சரிபார்க்கலாம். கம்பெனி வெப்சைட்டில் அந்த மாடலின் பக்கத்தைத் திறந்து, அதிகபட்ச பவரைப் பெட்ரோலோடு சேர்ந்த மொத்த எடையால் வகுத்து, இரண்டு வண்டிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.