மாத்திரை இலவசம்தான், அந்த ஒரு நாள்?

கோவில்பட்டிப் பக்கம் ஃபேக்டரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தீப்பெட்டி ஆபீஸ்தான். எங்கள் சித்தி அப்படி ஒரு ஆபீசில் இருபது வருடத்துக்கு மேல் பெட்டி அடைத்தவர். எத்தனை பெட்டியோ அத்தனை காசு. போகாத நாளுக்கு ஒன்றும் கிடையாது. சில வருடங்களுக்கு முன்பு ஊருக்கு வந்த முகாமில் பார்த்துவிட்டு, பிரஷர் இருக்கிறது என்றார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம், மாதா மாதம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு நோட்டும் போட்டுக் கொடுத்தார்கள்.

ஒருமுறை நான் கூடப் போனேன். காலையில் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, எனக்குத்தான் டிக்கெட். எட்டரைக்கெல்லாம் ஓபி சீட்டு வாங்கிவிட்டோம், அப்போதே முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள். பிரஷர் பார்க்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மெஷின், ஒரு நர்ஸம்மா. அந்த அம்மா தலை நிமிரவே நேரமில்லாமல் ஒரு கையால் பட்டையைச் சுற்றி, மறு கையால் நோட்டில் எழுதி, நடுவில் செல்போன் ஆப்பிலும் ஏற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் சின்ன வயசுக்காரர், நன்றாகவே பேசினார். மாத்திரை ஜன்னலில் முப்பது நாளுக்கு எண்ணிக் கத்தரித்துக் கொடுத்தபோது மணி பன்னிரண்டு. திரும்ப பஸ் ஒன்றேகாலுக்கு. வீடு சேர்ந்தபோது இரண்டு மணி. இனி ஆபீசுக்குப் போனால் கணக்குப்பிள்ளை உள்ளே விட மாட்டார்.

யாரும் எங்களை விரட்டவில்லை, பத்து ரூபாய்கூட யாரும் கேட்கவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அரசு ஆஸ்பத்திரி என்றதும் லஞ்சம், அழுக்கு என்று ஆரம்பித்துவிடுகிறோம். கையில் வாங்கிய மாத்திரையும் மட்டமானதில்லை. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி, பரிசோதித்துப் பார்த்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போன ஏற்பாடு அது. ஆக மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், பஸ்ஸும் இலவசம். சித்தி மூன்றாவது மாதமே போவதை நிறுத்திவிட்டார்.

கேட்டதற்கு, “அங்க போனா ஒரு நாள் போயிருமே யய்யா” என்றார். அவ்வளவுதான் பதில்.

இது சித்தியின் அலட்சியம் என்று நானும் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பிரஷர், சுகர் மாதிரி வியாதிகளைப் பற்றி 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் என்ற கணக்கெடுப்பைப் பார்த்தேன். பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம். அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். நூறு பேருக்கு ஏழு பேர்! மீதித் தொண்ணூற்று மூன்று பேரும் அலட்சியக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. தெரிந்தவர்களில் எத்தனை பேர் சித்தியைப் போல ஒரு நாள் கூலியைக் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள்?

சாயங்காலம் ஆறரைக்கு மேல் எங்கள் பக்கத்து பஸ் ஸ்டாண்ட் கிளினிக்குகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஆபீஸ் வேன் இறக்கிவிட்ட பெண்கள் தூக்குவாளியும் கையுமாக அப்படியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். விரல் நுனியில் மெழுகு வாசனை போயிருக்காது. டாக்டர் இரண்டு நிமிடம் பார்ப்பார், ஒரு ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை, இருநூறு ரூபாய். பிரஷர் மாத்திரையை மெடிக்கலில் நாலு நாளைக்கு நாலு என்று வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ஏழைகள் ஏன் இலவசத்தை விட்டுவிட்டுத் தனியாரிடம் போகிறார்கள் என்று பெரிய ஆராய்ச்சியெல்லாம் நடக்கிறது. இவர்கள் போவது அந்த டாக்டரின் கைராசிக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் ஏழு மணிக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். இருநூறு ரூபாய் போனாலும் நாள் கூலி தப்புகிறது.

போகாத நாளின் கூலி என்பது அரசுக்குத் தெரியாத விஷயம் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு நிதியுதவித் திட்டம் எதற்கு வந்தது? கர்ப்ப காலத்தில் வேலைக்குப் போக முடியாத பெண்ணின் வருமானத்தை ஈடுகட்டவும், அவள் சத்தாகச் சாப்பிடவும்தான். 1987-ல் 300 ரூபாயில் ஆரம்பித்து, 2006-ல் 6,000 ஆகி, இன்று ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாயில் நிற்கிறது. கூடவே ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைப் போட்டு, இருபத்துநாலு மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தார்கள். கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பெயர் பதிந்து பின்தொடர்ந்தார். பலனைப் பாருங்கள். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54.

காசநோய்க்கும் அப்படியே. மருந்து கொடுத்தால் போதாது, சாப்பாட்டுக்கும் வழி வேண்டும் என்று 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டார்கள், பிறகு அதை 1,000 ஆக்கினார்கள்.

ஆக, பிரசவம் என்றால் அவளுடைய நாள் கணக்கில் வருகிறது. காசநோய் என்றால் அவருடைய சாப்பாடு கணக்கில் வருகிறது. இவற்றுக்கெல்லாம் ஒரு முடிவு தேதி உண்டு. பிரஷரும் சுகரும் சாகும்வரை மாதா மாதம் ஒரு நாளைக் கேட்கிற வியாதிகள். வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் கூலி. புருஷனுக்கும் இருந்தால் இருபத்துநாலு. இதை எந்தப் பட்ஜெட் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறதே என்பீர்கள். உண்மையிலேயே நல்ல திட்டம், 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து எடுத்த தன்னார்வலர்கள், ஊக்கத்தொகைக்கு அலைகிற பெண்கள். எங்கள் ஊருக்கும் ஒரு பெண் வந்தார். பதினோரு மணிக்கு வந்தார். அந்த நேரத்தில் சித்தி வீட்டில் பூட்டு தொங்கும், தெருவில் பாதி வீட்டில் தொங்கும். இரண்டு முறை வந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. பொழுது போன பிறகு தெருத் தெருவாகத் தனியாகச் சுற்றச் சொல்லி அவரை எப்படிக் கேட்பது?

இதில் எனக்கு உறைத்த ஒரு விஷயம். 2023-ல் நகரங்களில் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு, மறுபடி சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை இயங்குகின்றன. யாரோ ஒருவர் உட்கார்ந்து, நகரத்துக் கூலிக்காரர் எப்போது வருவார் என்று யோசித்திருக்கிறார். அந்த யோசனை பைபாஸைத் தாண்டிக் கிராமத்துக்கு வரவில்லை. கிராமத்திலும் ராத்திரி நர்ஸ் இருக்கிறார், பிரசவத்துக்கும் அவசரத்துக்கும். பிரஷர் நோட்டை நீட்டினால் காலையில் வாங்க என்பார்.

வேல்ஸ் நாட்டில் க்ளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒரு டாக்டர் இருந்தார். மருத்துவம் யாருக்கு மிக அதிகமாகத் தேவையோ அவர்களுக்குத்தான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதியவர். நம்மூரில் யார் சுகாதாரக் கருத்தரங்கு நடத்தினாலும் இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு டீக்குப் போய்விடுவார்கள். எனக்குப் பிடித்தது அவர் செய்த வேலை. சளி, காய்ச்சல் என்று எதற்கு வந்தவரானாலும் பிரஷர் பார்த்தார். வராதவர்களைப் பட்டியல் எடுத்துத் தேடிப் போனார். கால் நூற்றாண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, 65 வயதுக்குள் சாகிறவர்கள் பக்கத்து ஊரைவிட அவர் ஊரில் குறைவு. ஊர் பணக்கார ஊராகிவிடவில்லை, சுரங்கம்கூட மூடிவிட்டார்கள்.

நம்மிடம் அந்தப் பட்டியல் ஏற்கெனவே ஆப்பில் இருக்கிறது. இத்தனை லட்சம் பேர் பயனடைந்தார்கள் என்று மேடையில் வாசிக்கிறார்கள். எத்தனை பேருக்குப் பிரஷர் 140-க்குக் கீழே வந்தது, எத்தனை பேர் மூன்று மாதமாக வரவில்லை என்று வட்டார வாரியாக வாசிக்கட்டும். அந்த எண்ணிக்கையை வைத்து அதிகாரியைக் கேள்வி கேட்கட்டும்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் இரண்டு சாயங்காலம், எட்டு மணி வரை ஓபி. பிரஷர் சீராக இருக்கிறவருக்கு மூன்று மாத மாத்திரையை ஒரேயடியாகக் கொடுத்துவிடலாம், மாதா மாதம் முகம் பார்த்து என்ன ஆகப்போகிறது? தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலை, செங்கல் சூளை, எங்கே ஆள் கூடுகிறதோ அங்கே மாதம் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நர்ஸ். கேரியர் திறக்கிற இடத்தில் மெஷினை வைத்தால் போதும்.

இதைச் சொன்னால் என் நண்பன், அரசு டாக்டர், கோபப்படுவான். “காலைல இருநூறு ஓபி பாத்துட்டு சாயங்காலமும் உக்காரணுமா?” அவன் கேட்பது நியாயம். இருக்கிற ஆட்களையே இன்னும் பிழிந்தால், இரண்டு மாதத்தில் சாயங்கால ஓபி போர்டில் மட்டும் இருக்கும். கூடுதல் ஆள் போட வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிடும் என்று 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2021-22-ல், அதுவும் கொரோனா நேரத்தில், 1.84-தான் தொட்டார்கள்.

ஆனால் வேறொரு பக்கம் பணம் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை. வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த அட்டையால் பிழைத்தவர்களை எனக்கே தெரியும். ஆனால் அது திறப்பது ஆள் விழுந்த பிறகு. விழாமல் இருக்கத் தேவைப்பட்ட அந்தச் சின்ன மாத்திரைக்கு ஏழு மணி ஜன்னல் ஒன்று திறக்கவில்லை.

சித்தி போன வருடம் மாசி மாதத்தில் விழுந்தார். விடியக்காலை பாத்ரூம் போனவர், இடது பக்கம் இழுத்துக்கொண்டு அங்கேயே கிடந்திருக்கிறார். எத்தனை மணிக்கு விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. ரத்தக் கட்டைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், நேரம் தெரியாமல் போட முடியாது என்றார்கள். உயிர் பிழைத்தார். இடது கை வரவில்லை. தங்கச்சி காலேஜை நிறுத்திவிட்டுக் கூட இருக்கிறாள்.

இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதா மாதம் தவறாமல் வருகிறார்கள். பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், பிசியோதெரபிக்காரப் பெண் வந்து கையைப் பிடித்து மடக்கி நீட்டச் சொல்லித்தருகிறார். அதே பதினோரு மணிக்குத்தான் வருகிறார்கள். சித்தி வீட்டில் இருக்கிறார்.